சிதம்பரத்தில் தொலைந்த கோடுகள்

அமெரிக்கப் பெண் கவிஞர் ஒருவரின் வாழ்க்கையையும் முக்கியமான கவிதைகளையும் தமிழில் கொண்டுவர ஏழு ஆண்டுகள் உழைத்தேன். பள்ளியைப் பாதியில் விட்ட எனக்கு அகராதிதான் வாத்தியார். 2009 ஆகஸ்டில், தட்டச்சு முடிந்த பிரதியை வாங்கிவரச் சிதம்பரம் போனேன்.

செம்மண்டலத்திலிருந்து கடலூர் பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் ஐந்து ரூபாய். அங்கிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். பதினைந்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். காலையில் போனால் இடப்பக்கம் உட்காராதீர்கள், வெயில் முகத்தில் அடிக்கும்.

வழியெல்லாம் அந்த அம்மையார் நினைவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். அப்பா வீட்டிலேயே வாழ்ந்து, பிற்காலத்தில் வாசலைத் தாண்டுவதையே விட்டவர். சாவையும் தேனீயையும் ஒரே அக்கறையோடு எழுதினார். ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட கவிதைகளில் உயிரோடிருந்தபோது அச்சேறியவை மிகச் சில. வரிக்கு நடுவே சின்னக் கோடு இழுத்து நிறுத்துவார்; அந்த நிறுத்தத்தில்தான் கவிதையே இருக்கும்.

கீழவீதிப் பக்கம் ஒரு சந்தில், டைப் அடித்து அச்சும் போட்டுத் தரும் கடை. உரிமையாளர் சிரித்தபடி பிரதியை நீட்டினார். ஒரு கோடுகூட இல்லை.

“கோடெல்லாம் எங்க தம்பி?”

“வரிக்கு வரி கோடா கெடந்துச்சு அய்யா. கை நடுக்கம்னு நெனச்சேன். கம்ப்யூட்டர்ல ஒரே தட்டுல எல்லாத்தையும் தூக்கிட்டேன். இப்ப நீட்டா இருக்குல்ல?”

“அது அந்தம்மா மூச்சு வாங்குற எடம்பா!”

“ஏன், அவுங்களுக்கு ஆஸ்துமாவா?” கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

என் கையெழுத்துத் தாள்களைக் கேட்டேன்.

“டைப் முடிஞ்சதும் பழைய பேப்பர்ல போட்டுட்டோமே. எங்கெங்க கோடுன்னு சொல்லுங்க, நானே போட்டுத் தர்றேன்.”

சிவப்புப் பேனாவோடு அங்கேயே உட்கார்ந்தேன். ஆங்கில மூலம் வீட்டில் இருக்கிறது; பயனில்லை. தமிழில் வாக்கியம் பின்னிருந்து முன்னாகத் திரும்பிவிடும். கோடு எங்கே விழ வேண்டும் என்று கண்டுபிடித்ததுதான் அந்த ஏழு ஆண்டு வேலை. மூன்றாவது கவிதையில் நினைவு வராமல் பேனா நின்றுவிட்டது. எனக்கு வயது எழுபத்து நான்கு.

“படிக்கிறவங்களுக்கு என்னா தெரியப்போவுது, அப்டியே அடிச்சிடலாம் அய்யா” என்றார். முடியாது என்று எழுந்து வந்தேன்.

அச்சு வேலைக்காகப் போகிறவர்கள் கையெழுத்துப் பிரதியை ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அந்த அம்மையார் இறந்ததும் பதிப்பித்தவர்களும் கோடுகளை நீக்கித்தான் அழகுபடுத்தினார்கள். ஆனால் அவர் கைப்பட எழுதிய தாள்கள் பத்திரமாக இருந்தன; பிற்காலத்தில் கோடுகள் திரும்பி வந்தன. என் தாள்களில் இந்நேரம் எந்தக் கடைக்காரர் வடை மடித்துக் கொடுத்தாரோ. புத்தகம் எப்போது வரும் என்று கேட்கும் நண்பர்களே, வராது.