மாமா ஷேப் ஆன முகூர்த்தம்

1998ஆம் ஆண்டு ஆவணி மாதம், தெரணியகலைக்கு அருகிலுள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில் என் தங்கையின் திருமணம் நடந்தது. அப்போது நான் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். 'ஷேப்' என்றால் வடிவம், வேறு பொருள் கிடையாது என்று மாணவர்களைத் திருத்தித் திருத்தியே எனக்குத் தொண்டை வற்றியிருந்தது. எங்கள் பக்கத்தில் காய்ச்சல் விட்டாலும் ஷேப். சண்டைக்காரர்கள் ராசியானாலும் ஷேப். வேலைக்குப் பிந்தி வந்து கங்காணியைச் சமாளித்தாலும் ஷேப்தான்.

திருமணத்தில் யாரை எங்கே வரவேற்பது, யாருக்கு எந்த மாலை என்பதையெல்லாம் நானே முன்கூட்டித் தீர்மானித்திருந்தேன். எம்பிலிப்பிட்டியவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து சேர்ந்த அதே நேரத்தில், வரவே மாட்டார் என்று நினைத்திருந்த தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் ஜீப்பில் வந்து இறங்கினார். துரையை வெறுங்கழுத்தோடு நிறுத்த முடியுமா? என் சித்தப்பா தட்டிலிருந்த மாலையை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டார். அது மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு வைத்திருந்த மாலை. மாமா அதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"மாமன் மொறைய செய்யவும் தொரையவே கூப்புட்டுக்குங்க!" என்று இருக்கையை விட்டு எழ மறுத்தார். மாமா இறங்காமல் மணவறைக்கு வரமாட்டேன் என்று மாப்பிள்ளையும் பஸ் வாசலில் நின்றுவிட்டார். முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது. உள்ளே தங்கை அழுகிறாள் என்று செய்தி வந்தது. நான் பஸ்ஸில் ஏறி, நடந்ததை முதலிலிருந்து வரிசையாக விளக்கினேன். மாமா பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப தெரிஞ்சேதான் போட்டிருக்கீங்க."

பஸ் சாரதி சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். "மாஸ்டர், நீங்க எறங்குங்க. இத நான் ஷேப் பண்ணுறேன்" என்றார்.

அவர் இறங்கிப் போய், கல்யாண பஸ் என்று முன்கண்ணாடிக்குக் குறுக்கே கட்டியிருந்த செவ்வந்தி மாலையை அவிழ்த்தார். வழியெல்லாம் பட்ட தூசியும், ஒட்டியிருந்த பூச்சிகளும் போகும்படி இரண்டு முறை உதறினார். பிறகு மறுபடியும் பஸ்ஸில் ஏறி, அதை மாமாவின் கழுத்தில் போட்டார். முழங்காலைத் தாண்டித் தொங்கியது.

"மாமே, பாருங்க. தொரைக்குச் சின்ன மாலை. ஒங்களுக்கு பஸ் மாலை!"

மாமா குனிந்து தன் மாலையைப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் துரையின் மாலையைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, மாலை மிதிபடாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"என்னடா மாப்ள நிக்கிற? நட! எல்லாம் ஷேப்!"

முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது. பந்தியிலும் மாமா அந்த மாலையைக் கழற்றவில்லை. துரை என்னை அருகே அழைத்து, "அவர் யார், அமைச்சரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இன்றும் வகுப்பில் அந்தச் சொல்லுக்கு வடிவம் என்றுதான் பொருள் சொல்கிறேன். ஆனால் வீட்டில் யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால், விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்கு முன், அவர்கள் கழுத்தில் போட என்னிடம் என்ன இருக்கிறது என்றே பார்க்கிறேன்.