பொட்டு வைத்த மெஷின்

எங்கள் வான் வண்டியில் போகிற ஒருவருக்கும் அமெரிக்காவில் வாக்குரிமை கிடையாது. ஆனாலும் விடிய வெள்ளன நாங்கள் குடியிருக்கும் மல்வேர்னில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போய்ச் சேரும்வரை, அமெரிக்க வானொலிக்காரன் ஒருவன் 'நமது நாடு, நமது தொழிற்சாலை, நமது எல்லை' என்று எங்கள் காதுக்குள் கத்திக்கொண்டே வருவான். வெளியே கனடாப் பனி கொட்டும். நாங்கள் பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பவர்கள் போலக் கோப்பியைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்போம். முன் சீட்டில் இருப்பவர் போடுவதுதான் வானொலி என்பது எங்கள் வான் சட்டம். முன் சீட்டு, எல்லாரிலும் மூத்தவரான சிவநேசன் அண்ணைக்கு. ஓட்டுகிறவன் நான், என்ன பிரயோசனம், ஆசைக்கு ஒரு பாட்டுக் கேட்க வழியில்லை.

அண்ணை அவனைக் கேட்பதில் நியாயம் இல்லாமலும் இல்லை. வந்த புதிதில் கோப்பை கழுவி, பிறகு இரண்டு வேலை செய்து, அரசாங்க உதவிப் பணத்தைத் தொடாமலே வீடு வாங்கியவர். உழைக்கிறவனிடம் வரியாகப் பிடுங்காதே, பிள்ளையைப் பெற்றவன் வளர்க்கட்டும், அரசாங்கம் குசினி அடுப்புவரை வரவேண்டாம் என்று வானொலிக்காரன் சொல்லும்போது அவருடைய தலை தானாக ஆடும். உண்மையைச் சொன்னால் என்னுடையதும் கொஞ்சம் ஆடும். எல்லையைப் பூட்டு என்று அவன் கத்திய அன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, நீங்களே அமெரிக்க எல்லை தாண்டி பஃபலோப் பாலத்தால இஞ்ச அகதியா வந்த ஆள்தானே?"

"ஓம், வந்தனான். கேட்டுத்தான் வந்தனான், களவா வரேல்லை. கதவு வீட்டுக்காரன்ரை. திறக்கிறதும் பூட்டுறதும் அவன்ரை விருப்பம். உவன் சொல்லுறதில என்ன பிழை? நீ பேசாமல் றோட்டைப் பார்த்து ஓட்டு."

நாங்கள் கார்ப் பாகங்கள் செய்கிறவர்கள். அமெரிக்க ஜனாதிபதி அவற்றுக்கு இறக்குமதி வரி போட்டபோது, எங்கள் சூப்பர்வைசர் கெவின் சாப்பாட்டு அறையில் அண்ணையின் தோளில் கை வைத்து, உங்களைப் போன்றவர்களுக்கு அந்த மனிதரைப் பார்க்கவே பயமாக இருக்குமே என்று அனுதாபப்பட்டான். "நோ, நோ. ஹீ இஸ் ரைட்" என்றார் அண்ணை. கெவின் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். அண்ணை சிரிக்கவில்லை. ஒரு தலைவன் என்றால் முதலில் தன் சனத்தைப் பார்க்கவேண்டும் என்று தன் ஆங்கிலத்தில் விளக்கம் வேறு கொடுத்தார். அதன் பிறகு கெவின் காலை வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டான். குடியேறி வந்தவன் எல்லாம் ஒரே பக்கம்தான் நிற்பான் என்று நம்புகிற நல்ல மனிதன், பாவம், அவனுக்கு எப்படி விளங்கும்?

எனக்கு விளங்கும். ஊரில் அண்ணை வேலை செய்த தொழிற்சாலையும் சண்டைக்குள் மூடப்பட்டதுதான். குண்டு விழுந்து கூரை பறந்தபோது, ஐயோ எங்கள் தொழிற்சாலை போச்சே என்று கொழும்பில் ஒருவரும் அழவில்லை. எங்களைத் தன் சனம் என்று சொன்ன அரசாங்கம் எதையும் அண்ணை கண்டதில்லை. அதனால், எவனோ எவருக்கோ அப்படிச் சொல்வதைக் கேட்டாலே மனிதருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அதை நினைத்தால் எனக்குக் கோபமும் வரும், அழுகையும் வரும்.

தகரம் அழுத்துகிற பெரிய மெஷின் ஒன்று அண்ணையின் பொறுப்பில் இருந்தது. ஆயுத பூசைக்கு அதன் பக்கவாட்டில் சந்தனப் பொட்டு வைப்பார். முதல் தடவை அதைக் கண்ட கெவின், எண்ணெய் ஒழுகுகிற இடத்துக்கு யாரோ அடையாளம் போட்டிருக்கிறார்கள் என்று மெஷினை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டான். விஷயம் தெரிந்த பிறகு, இலையுதிர் காலம் வந்தால் பொட்டு எப்போது என்று அவனே கேட்பான்.

வரி வந்து சில மாதங்களில் அறிவித்தல் வந்தது. அந்த மெஷின் அமெரிக்காவில் ஒஹாயோவுக்குப் போகிறது. அதில் வேலை செய்தவர்களுக்கு இனி இங்கே வேலையில்லை. பென்ஷனுக்கு இன்னும் சில வருடம் இருக்கிற அண்ணையை இந்த வயதில் இனி யார் எடுப்பார்கள்?

மெஷினைத் துடைத்துப் பொதி கட்டுவதுதான் அண்ணையின் கடைசி வேலை. பொட்டு இருக்கட்டும் என்று கெவின் சொன்னான். அண்ணை அவனைப் பார்க்கவில்லை. துணியை நனைத்து, காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டித் துடைத்தார்.

"ஏன் அண்ணை? கிடக்கட்டுமே."

"அங்க உள்ளவங்கள் லீக் எண்டு நினைச்சு மெஷினை நிப்பாட்டிப்போடுவாங்கள். அங்கையாவது அது நிக்காமல் ஓடட்டும்."

திரும்பி வரும்போதும் வழக்கம்போல அவரே வானொலியைப் போட்டார். தொழிற்சாலைகள் வீடு திரும்புகின்றன என்று வானொலிக்காரன் குதூகலித்துக்கொண்டிருந்தான். பழக்கதோஷத்தில் அண்ணையின் தலை ஆடியது. பிறகு நின்றது.

"அவன் தன்ரை சனத்துக்குச் செய்யிறான். பிழை சொல்லேலாது" என்றார். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "எங்களை ஆரடா தன்ரை சனமெண்டு சொல்லுவான்?" என்று கேட்டார்.

நகத்தில் சந்தனம் ஒட்டியிருந்த அவருடைய விரல், மல்வேர்ன் வரும்வரை வானொலிக் குமிழில் அப்படியே இருந்தது. சத்தத்தைக் கூட்டவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.