பதினோராவது கம்ப்யூட்டர்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் எழிலனையே போய்க் கேட்கலாம். திருத்தணியில்தான் இருக்கிறான். கேட்டதும் எழுந்து போய்விடுவான். அதைவிடச் சாட்சி வேண்டுமா?

நெசவாளர் சங்கத்தில் அவன் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆள். தலைமை அலுவலகம், கிளைகள் எல்லாம் சேர்த்துப் பதினொரு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சாப்ட்வேர். பழசைத் தூக்கிவிட்டு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி புதுக் கம்ப்யூட்டர் வைக்க வேண்டும். உள்ளே பயனராக ஆள் பேர் இருக்கக் கூடாது, கிளை நம்பர்தான். ஆடிக் கிருத்திகை மாலை ஐந்துக்குள் முடித்தால் வேலை நிரந்தரம் என்றார் செயலாளர். நிரந்தரமானால்தான் பெண் என்றார்கள் ஆர்.கே.பேட்டை சம்பந்திகள்.

பதினொன்றிலும் எழிலனே எல்லாவற்றையும் ஏற்றி, கிளைகளுக்கான பத்தை மறுபடி பெட்டியில் கட்டி, வேன்காரர் ராஜவேலுவிடம் ஒப்படைத்திருந்தான். "அல்லாம் பூட்ச்சி நைனா" என்றார் அவர். நம்பி டிக் அடித்தான். நேரில் போய்ப் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம் என்ற தெனாவட்டு.

ஊரே மலைமேல் காவடியோடு நிற்க, இவன் மட்டும் விடுமுறை அலுவலகத்தில், பதினொன்றும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டு.

பகல் 3.10. ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தானே பூட்டிக்கொள்ளும். அவன் திரையில் இருந்த பட்டியலில் ஒன்பது சிவப்பு, அதாவது பூட்டியவை. இவன் தொடுவது பச்சை.

இன்னொன்றும் பச்சை. அம்மையார்குப்பம் கிளை.

அந்தக் கிளையின் புஷ்பலதாவுக்குப் போன் போட்டான்.

"யக்கா, ஆபீஸ்ல யாரு கீறாங்க?"

"லீவுப்பா. மலைமேல நின்னுகினு கீறேன். சாவி என் இடுப்புல தொங்குது. இன்னாத்துக்கு..."

அரோகரா சத்தத்தில் லைன் போனது.

3.22. இங்கிருந்தே பூட்டினான். சிவப்பு. ஒன்று... இரண்டு... மூன்று...

பச்சை.

அந்தத் திரையை வரவழைத்தான். வெள்ளைப் பக்கம். எழுத்து எழுத்தாக விழுந்தது.

என்... பேரு... எங்க...

"எவன்டா வெளாட்றது?" என்றான்.

எத்தனை முறை பூட்டினாலும் திறந்துகொண்டது. 4.41. ஓடிவிடலாம். ஓடினால் வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு.

அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் அழித்துப் புதிதாக ஏற்றும் பொத்தானை அழுத்தினான். கேள்வி வந்தது.

'வசந்தி' என்ற பயனரை நீக்கவா?

அப்படி ஒரு பேரை அவன் ஏற்றவே இல்லை.

'ஆம்' என்று அழுத்தினான்.

4.52. பதினொன்றும் ஒரே மாதிரி.

அப்போதுதான் கேட்டது.

டக்... டக்... டக்...

பக்கத்துக் கிடங்கில். பூட்டிய கிடங்கில். அட்டைக்குள் பொத்திவைத்த மாதிரி.

செருப்பைக்கூட மாட்டவில்லை அவன்.

வேலை நிரந்தரமானது. கல்யாணத்துக்கும் நாள் குறித்தார்கள். மூன்றாம் நாள் புஷ்பலதா சண்டைக்கு வந்தாள்.

"பழசத் தூக்கினு பூட்டீங்க, புதுச எப்பப்பா அனுப்புவ? வெறும் மேசைய வச்சினு இன்னா பண்றது?"

ராஜவேலு தலையைச் சொறிந்தார். "வேன்ல எடமில்ல... ஒண்ண கிடங்குலயே வுட்டுட்டேன் நைனா."

பெட்டியில் எழிலன் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. அவன் கிட்டே போகவில்லை. ராஜவேலுதான் பிரித்தார்.

புத்தம் புதுக் கீபோர்டு. ஆனால் எழுத்தெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

புஷ்பலதா தொட்டாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"வசந்தியக்காது இப்டிதான் தேஞ்சி கெடக்கும்... எனக்கு முன்னாடி எங்க கிளைல இருவது வருசம் தட்டிகினு இருந்தாங்கப்பா. போன ஆடில, அந்த மேசைலயே தலையக் கவுத்து உசிர வுட்டாங்க."