கடதாசியைச் சுடும் துவக்கு

தொண்ணூறுகளின் நடுவில் ஒக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றில், கணக்குப் பிரிவில் வேலை செய்தேன். பக்கத்து மேசையில் ஐம்பது தாண்டிய வெள்ளைக்காரி ஒருத்தி. சனிக்கிழமை சும்மா இருந்தால் தன்னோடு கிளப்புக்கு வரச்சொன்னாள். தேத்தண்ணியும் கேக்குமாக இருக்கும் என்று நானும் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். தேத்தண்ணியும் கேக்கும் இருந்தனதான். அதற்கு முன்னால், கம்பளி பின்னுகிற பையை ஓரமாக வைத்துவிட்டு, அவள் ஒரு பெட்டியைத் திறந்து ரிவோல்வரை வெளியே எடுத்தாள்.

நான் இரண்டடி பின்னுக்குப் போனேன். ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே புகுந்தவள் நான். துவக்கு என்றால் அது எப்போதும் வேறு யாரோ கையில் இருக்கும், நாங்கள் அதற்கு முன்னால் நிற்போம். இங்கே என்னடாவென்றால் தபால்காரர், பல் வைத்தியர், பேரப்பிள்ளை கண்ட மனுசி எல்லோரும் வரிசையாக நின்று, குறிவட்டம் போட்ட கடதாசியைச் சுடுகிறார்கள். பொறுப்பாக நின்றவர் "நிறுத்துங்கள்" என்று ஒரு சொல் சொன்னார். அத்தனை பேரும் துவக்கை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றார்கள். அவர் கத்தவுமில்லை, யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இவ்வளவு சுலபமா இது? இந்த ஒரு சொல்லுக்காக எங்கள் ஊரில் எத்தனை பேர் எத்தனை கோயிலில் நேர்த்தி வைத்திருப்பார்கள்!

என்னையும் சுடவிட்டார்கள். தோளுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லித்தந்தார். கடதாசியின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது. அந்தக் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கணவரிடம் காட்டினேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார் இவர். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள்."

"கடதாசிக்குத்தானேப்பா சுடுறது. அதுக்கு நோகாது."

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. கொழும்பில் ஒருமுறை இவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டுபோய் பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததை எனக்குக்கூடச் சொன்னதில்லை. ஒக்லாந்தில் கார் ஓட்டும்போது பின்னால் பொலிஸ் கார் வந்தால், போகிற இடத்தை விட்டுவிட்டு ஏதாவது ஒழுங்கைக்குள் திருப்பிவிடுவார். இதெல்லாம் தெரிந்தும் நான் சனிக்கிழமைகளை விடவில்லை. எனக்கென்று ஒரு துவக்கு வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. வந்தால் போகாது எனக்கு.

அதற்குப் பொலிஸின் அனுமதி வேண்டும். பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து கணவனைத் தனியாக விசாரிப்பாராம். கணவன் தயங்கினால் அவ்வளவுதான், கதை முடிந்தது. கிளப்பில் இதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு இவரை நினைத்தேன். பொலிஸ்காரன் ஒருவன் எங்கள் வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இவரிடம் கேள்வி கேட்கப்போகிறான். "வேண்டாமெண்டா விடுவம்," என்றேன். "வரட்டும்," என்றார் இவர்.

மனுரேவாவில் எங்கள் வாடகை வீட்டு வாசலுக்கு அந்தப் பொலிஸ்காரர் வந்தார். நல்ல உயரம். எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். இடுப்பில் துவக்கும் இல்லை. துவக்கு விசாரிக்க வந்த பொலிஸ்காரன், காலில் வெறும் சொக்ஸோடு! என்னை வெளியே நிற்கச் சொன்னார். நான் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுப்பதும் திரும்பப் போடுவதுமாக நின்றேன். எனக்கு அனுமதி கிடைக்காவிட்டால் பரவாயில்லை, இந்த மனுசன் நல்லபடியாக எழும்பி வந்தால் போதும் என்றிருந்தது. கடைசியில் இருவரும் வாசலில் கைகுலுக்கினார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "சொல்ல வேண்டியதைச் சொன்னன்," என்று இவர் உள்ளே போய்விட்டார்.

அனுமதி வந்தது. கடையில் இருந்ததிலேயே மலிவானதைக் காட்டச்சொன்னேன். வேறொருவர் பாவித்துக் கழித்தது. பிடி மரத்தில் கீறல், விசையும் இறுக்கம். கடைக்காரர் அதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் கையில் எடுத்தால் எனக்கென்றே அளவெடுத்தது போல. வீட்டு அலுமாரிக்குள், கல்யாணக் கூறைச்சேலைக்குக் கீழே, இரும்புப்பெட்டி ஒன்றை நிலத்தோடு பொருத்தி, துவக்கை அதற்குள் வைத்துப் பூட்டினேன். கிளப்புக்கும் வீட்டுக்கும் தவிர அது வேறெங்கும் போகக்கூடாது. முதல் சனிக்கிழமை சுட்டதெல்லாம் இடப்பக்கமாகவே போயிற்று. அதன் குணம் பிடிபட்ட பிறகு, ஓட்டைகள் மெல்ல மெல்ல நடுவுக்கு நகர்ந்தன. மூச்சை விட்டு, விசையை அழுத்துகிற அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு சத்தமும் இருக்காது. கோயிலில்கூட எனக்கு அப்படி மனம் அடங்கியதில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், குசினி மேசையில் பழைய பேப்பரை விரித்துத் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத இவர், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "இவ்வளவு சின்னனே?" என்றார். இதுதான் சமயம் என்று கேட்டேன்.

"அண்டைக்கு அந்தப் பொலிஸ்காரரிட்ட என்னதான் சொன்னனீங்கள்?"

"இந்த வீட்டில உனக்கு ஆரிலயும் பயமோ எண்டு கேட்டான்."

"என்னிலயோ?"

"உம்மை நினைச்சுத்தான் கேட்டவன். நான், 'ஓம், உன்னிலதான் பயம்' எண்டு சொல்லிப்போட்டன்."

துணி என் கையிலேயே நின்றுவிட்டது. ஒரு பொலிஸ்காரனின் முகத்துக்கு நேரே இவரா?

"பிறகு?"

"அவன் தன்ர கதிரையைப் பின்னுக்கு இழுத்து, என்னை விட்டுத் தள்ளி இருந்தான். 'இப்ப பரவாயில்லையோ' எண்டு கேட்டான்."

இவர் கண் கலங்கியிருந்தது. எதற்கும் வாய் காட்டுகிற நான், தேத்தண்ணியை இவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"எனக்காக ஒரு பொலிஸ்காரன் தள்ளி இருந்தானப்பா," என்றார் இவர். "அதுக்குப் பிறகு உம்மட துவக்குக்கு நான் ஏன் பயப்பிடவேணும்?"