இருமல் வரைக்கும் ஓடிய சீடி

படிக்கிறவன் என்று ஆபீஸில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கடலை மடித்துத் தரும் காகிதத்தைக்கூட விடமாட்டேன். அப்படிப்பட்டவன் கம்ப்யூட்டர் திரையில் வந்த இரண்டு வரியைப் படிக்காமல் 'ஓகே'யை அமுக்கினேன். மற்றதெல்லாம் அதனால் வந்தது.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் பெரம்பலூரில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்பியது. நானும் நம்பினேன். என்னோடு வேலை பார்த்த லெப்பைக்குடிக்காட்டு நண்பர் ஒரு டிஜிட்டல் கேமராவோடு வந்தார். துபாயிலிருந்து அவருடைய அண்ணன் அனுப்பியது.

அந்த அண்ணனோடு அவர்களுடைய அப்பா, அவர்கள் பேச்சில் அத்தா, மூன்று வருடமாகப் பேசுவதில்லை. பெற்ற தாயின் மவுத்துக்கு, அடக்கம் செய்யக்கூட, மகன் வரவில்லை என்ற கோபம். போனை நீட்டினால் எழுந்து போய்விடுவாராம். கெஞ்சிக் கூத்தாடி அவரைக் கேமரா முன்னால் உட்கார வைத்து ஆறு நிமிடம் பேச வைத்திருந்தார் நண்பர்.

கேமராவின் பின்பக்கத்துத் தீப்பெட்டி அளவுத் திரையில் ஓட்டிக் காட்டினார். பாதி வரை சுத்தமான திட்டு. "ஓடுதாடா இது? ஓடட்டும். பெத்தவள மண்ணுல வைக்கிறப்ப வராதவன் இனிமே எதுக்குடா வர்றே?" பிறகு ஒரு நீண்ட இருமல், ஒரு மடக்குத் தண்ணீர். அப்புறம் குரல் இறங்கியது. "பாஸ்போர்ட்ட கம்பெனிக்காரன் புடிச்சி வச்சிக்கிட்டா நீதான் என்ன பண்ணுவே. கோவத்துல இருந்துட்டேன். லீவு கெடச்சா வூட்டுக்கு வாடா."

"அப்படியே சீடியில போட்டா எங்க வூட்டு பிளேயர்ல ஓட மாட்டேங்குது சார். அண்ணன் ரூம்லயும் பிளேயர்தான். நாளைக்கு ஊர்க்காரர் ஒருத்தரு துபாய் போறாரு, அவருகிட்ட குடுத்தனுப்பணும்" என்றார்.

பிளேயரில் ஓடுகிற மாதிரி மாற்ற, இணையத்தில் இலவசமாக ஒரு கன்வெர்ட்டர் கிடைத்தது. அது ஏதோ இங்கிலீஷில் கேட்டது. 'ஓகே.' மாற்றி முடித்ததும் சீடியைப் போட்டுப் பார்த்தோம். திட்டு கணீரென்று வந்தது. ஒரு நிமிடம் கேட்டுச் சிரித்துவிட்டு நிறுத்தினோம்.

"கார்டக் காலி பண்ணிடுங்க சார். நிக்காஹ் வூட்டுல கேமரா கேட்டிருக்காங்க."

அழித்தேன்.

பத்து நாள் கழித்து நண்பர் என் மேஜைக்கு வந்தார். "அண்ணன் போன் பண்ணாரு சார். 'திட்டுறதுக்கு ஒரு சீடியாடா? இனிமே ஊருப் பக்கமே வரமாட்டேன்'னு வச்சிட்டாரு."

கம்ப்யூட்டரில் மாற்றிய பிரதி மட்டும்தான் தங்கியிருந்தது; வீட்டுக்குப் போய் அதை ஓட்டினேன். இருமலோடு நின்றது. இலவசம் என்றால் பாதிதான் மாற்றித் தரும். நான் படிக்காத இரண்டு வரி அதைத்தான் சொல்லியிருந்தது.

மறுநாள் நண்பரிடம், "சீடி போற வழியில கீறியிருக்கும்" என்றேன். நம்பிவிட்டார். அவர் சந்தேகப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மறுபடி பேசச் சொல்லலாம் என்றேன். அத்தா மசியவில்லை. "ஒரு தடவ கூப்புட்டாச்சு. கேட்டுட்டும் வராதவன ரெண்டாந்தரம் கெஞ்சணுமா?"

நாலு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் நண்பரை டெலிபோன் பூத்துக்கு அழைத்துப் போகும்போது உண்மையைச் சொன்னேன். அவர் அண்ணன் நம்பரைப் போட்டு ரிசீவரை என் கையில் திணித்தார். "நீங்களே சொல்லுங்க சார்."

முன்பின் பார்த்திராத ஒருவரிடம், அவர் தகப்பன் சொன்னதை நான் சொன்னேன். 'வாடா' என்ற இடத்தில் நாக்கு தடுக்கி 'வாங்க' என்று வந்தது. திருத்திச் சொன்னேன். அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அத்தா அழுதாங்களா?"

கேமராவின் அந்தத் தீப்பெட்டித் திரையில் மூக்கு எது, மூக்குக்கண்ணாடி எது என்றே எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் நான் பாதியைத் தின்றவன். "ஆமாங்க" என்றேன்.

இரண்டு மாதத்தில் அண்ணன் ஊருக்கு வந்தார். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பிரியாணி வைத்ததும் அத்தா என் பக்கம் திரும்பினார்.

"நான் அழுதேன்னு என் மவன்கிட்ட சொன்ன சார் நீங்கதானா? நான் எப்பங்க அழுதேன்?"

துபாய் மகன் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தோடு என்னைப் பார்த்தார். நான் எலும்பில்லாத துண்டில் எலும்பைத் தேட ஆரம்பித்தேன்.