யார்கூடப் போறது?

அந்தமானின் திக்லிபூரில் எங்கள் இளைஞர் மன்றத்துக்குக் கண்டிப்பான விதி ஒன்றுதான் இருந்தது. படகுப் போட்டியில் ஒரு டுங்கியில் ஏறும் இருவரும் வீட்டில் வெவ்வேறு மொழி பேசுகிறவர்களாக இருக்க வேண்டும். டுங்கி என்பது துடுப்புப் போட்டுச் செலுத்தும் சின்னப் படகு. வங்காளி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக்காரர் என்று பிள்ளைகள் தனித்தனிக் கூட்டமாக ஒதுங்கிவிடக் கூடாதென்று மன்றத்து அண்ணன் போட்ட விதி அது. படகில் எல்லோருக்கும் பொதுவாக இந்தி. கோபம் வந்தால் மட்டும் அவரவர் மொழி.

எனக்கு வாய்த்தவள் மிட்டு. வங்காளிப் பெண், மீன்பிடிக்கிறவர் மகள், என் வகுப்பு. நடக்க வருவதற்கு முன்பே அவளுக்குத் துடுப்புப் போட வந்திருக்கும். நானோ அரசாங்க வேலையாக மெயின்லேண்டிலிருந்து வந்தவரின் மகள். அது துடுப்பைப் பிடிக்கிற லட்சணத்திலேயே தெரிந்துவிடும். வலப்பக்கம் அவள், இடப்பக்கம் நான். மழை விட்டதிலிருந்து பழகி, ஒருவழியாக நேராகப் போகக் கற்றோம். அதற்குள் என் தமிழ் வசவுகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டன.

ஜெயிக்கிற ஜோடி பரீட்சை முடிந்ததும் போர்ட் பிளேரில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். நான் போர்ட் பிளேரைப் பார்த்ததெல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கப்பலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில்தான். வீட்டார் யாருமில்லாமல் சிநேகிதியோடு போய்த் தங்குவது என்கிற நினைப்பிலேயே எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

அந்த நாட்களில் மிட்டு தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து கோழிகளுக்குத் தீனி போடுவாள். “ஒனக்கு என்னைவிடக் கோழிதான் ஒசத்தியாப் போச்சு” என்று கேலி செய்தேன். அவளும் சிரிக்கவில்லை, பக்கத்தில் நின்ற அம்மாவும் சிரிக்கவில்லை.

போட்டியன்று முதலை நடமாட்டம் இருக்கிறதா என்று மோட்டார் படகு ஒரு சுற்றுப் பார்த்து வந்தது. பிறகு விசில் ஊதினார்கள். பாதி தூரத்திலேயே நாங்கள் முந்திவிட்டோம். ஜெயிக்கிறவர்கள் பிடுங்க வேண்டிய சிவப்புக் கொடி இதோ, கைக்கெட்டும் தூரம். அப்போது மிட்டு துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏய், போடுடி! ஜல்தி!”

“ஜெயிச்சா நான் யார்கூடப் போறது?” என்றாள், என்னிடம் கற்ற தமிழில்.

“இதென்ன கேள்வி? என்கூடத்தான், லூசு!”

அவள் துடுப்பைத் தொடவில்லை. நான் ஒருத்தி மட்டும் ஒரு பக்கமாகப் போட்டதில் டுங்கி நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. கரையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு மலையாளப் பையனும் ராஞ்சிப் பையனும் எங்களைத் தாண்டிப் போய்க் கொடியைப் பிடுங்கினார்கள். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. கரையேறியதும் அவளை விட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தேன். அவள் எப்போதும்போல வந்து கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டுப் போனாள்.

பரீட்சை முடிந்த அன்றுதான் அப்பா சொன்னார், மெயின்லேண்டுக்கு மாற்றலாகி இரண்டு மாதமாகிறது என்று. என் படிப்பு கெட்டுவிடுமாம், அதனால் என்னிடம் மட்டும் சொல்லவில்லை. கோழிகளை மிட்டுவின் வீட்டுக்குக் கொடுப்பதாக அம்மா அப்போதே பேசி முடித்திருந்தாள். அவை அவளிடம் பழகட்டும் என்றுதான் தினமும் வரச் சொன்னதாம், என்னிடம் மூச்சுவிடக் கூடாது என்றும்.

நாங்கள் கிளம்பிய காலையில் மிட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தாள். எங்கள் கோழி இட்ட முட்டைகளை அவித்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். இன்னும் சூடாக இருந்தன. எனக்கு அப்போதும் போட்டியை மறக்க முடியவில்லை. “அடுத்த வருசமாவது ஒழுங்காத் துடுப்புப் போட்டு ஜெயிச்சிடு” என்றேன்.

“யார்கூட?”

அவளுக்கு ஆள் கிடைக்காததுதான் குறை என்று நினைத்துவிட்டேன். ஜன்னல் வழியே எட்டி, மன்றத்துத் தெலுங்குப் பெண் நன்றாகப் போடுவாள், அவள் வராவிட்டால் கடைக்காரர் மகள் இருக்கிறாள், அவள் தமிழ்தான், விதிக்கும் பொருந்தும் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனேன். மிட்டு எதற்கும் தலையாட்டவில்லை. பஸ் நகர்ந்த பிறகும் இன்னொரு பெயர் நினைவுக்கு வந்தது. அதையும் கத்திச் சொன்னேன்.