கரை வேட்டியும் ஒன்பதாம் வகுப்பும்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் திண்டிவனத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். பெண்பிள்ளைகளைத் தனியாகப் பஸ் ஏற்றுகிற பழக்கம் அன்றைக்கு எங்கள் தெருவில் இல்லை. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மேலே படித்தே ஆகவேண்டும். விழுப்புரம் போய்க் கலெக்டரிடம் மனுக் கொடுத்தால் ஒன்பதாவது வரும் என்றார் ஹெட்மாஸ்டர். ஆனால் ஊரின் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து போக வேண்டும். ஒருவர் மட்டும் கொடுத்தால் மற்றவர் கெடுத்துவிடுவார்.

அப்பா கட்சிக்கரை வேட்டி இல்லாமல் மாதா கோயிலுக்குக்கூடப் போகாதவர். அன்று சித்தப்பாவிடம் கரையில்லாத வேட்டி ஒன்றை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர் வீட்டுக்குப் போனார். அவர் மகளும் என் வகுப்புதான். வாசலில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயவைத்துக்கொண்டிருந்தார் அவர்.

“நான் எந்தக் கட்சியும் கெடையாதுங்க. பொதுவான ஆளு” என்றார் அப்பா.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “உன் ஊட்டு செவுத்துல சின்னத்த நாங்களாய்யா எழுதனோம்? போய்யா, பேஜாரு பண்ணிக்கினு.”

வீட்டில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சிக்கு எதுக்குங்க வேஷம்?” என்று கரை வேட்டியை எடுத்துப் போட்டாள்.

மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு, மறுபடியும் என்னைக் கூட்டிக்கொண்டு, அதே வாசலில் போய் நின்றார் அப்பா. “நான் அந்தக் கட்சிதாங்க. உங்களுக்கு ஓட்டுப் போட்டதில்ல, இனிமேலும் போட மாட்டேன். நம்ம ரெண்டு பேரு பொண்ணுக்கும் ஒம்பதாவது வேணும்.”

எனக்கு உயிரே போய்விட்டது. படிப்பில் மண் விழுந்தது என்று அங்கேயே அழ ஆரம்பித்தேன். கிளைச் செயலாளரோ கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, “இப்ப ஒக்காரு. எப்பப் போறோம்?” என்றார்.

திங்கட்கிழமை இரண்டு கரை வேட்டிகளும் ஒரே பைக்கில் விழுப்புரம் போயின. அந்த ஜூனிலேயே ஒன்பதாம் வகுப்பு வந்தது.

எனக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறு. “உங்கப்பா எங்க கட்சிக்கு வந்துட்டாரே” என்று முதல் நாளே அவர் மகளிடம் பெருமையடித்தேன். “போடி, உங்கப்பாதான் எங்க கட்சிக்கு வந்தாரு” என்றாள். ஆளுக்கொரு சடையைப் பிடித்துக்கொண்டோம். டீச்சர் வந்து பிரித்துவிட்டார்.

அடுத்த தேர்தலில் அப்பாக்கள் இருவரும் எதிரெதிராக நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். ஓட்டெண்ணி முடிந்த மறுவாரமே பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கேட்க ஒரே பைக்கில் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் கட்சி மாறிவிட்டு மறைக்கிற பொய்யர் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. எந்த அப்பா என்பதில்தான் சண்டை.